வேகம் யாருக்காக?

வாங்கும் பொருளையும் செல்லும் வழியையும் பற்றிச் சில சிந்தனைகள்

இன்று நம் இல்லங்களில் ஓயாது எழும் விவாதங்கள் இரண்டு. எதை வாங்குவது என்பது ஒன்று. எப்படிப் போவது என்பது மற்றொன்று. புதிய கைப்பேசி வேண்டும் என்கிறாள் மகள். விரைவாகப் பறக்கும் மோட்டார் சைக்கிள் வேண்டும் என்கிறான் மகன். அந்தக் காலத்துப் பொருளுக்கு இணையில்லை என்கிறார் தாத்தா. அந்தக் காலத்து ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தவள் நான்தானே என்று பாட்டி முணுமுணுக்கிறார். இந்த நால்வர் சொல்வதிலும் உண்மை உண்டு. பழையது அனைத்தும் பொன்னன்று. புதியது அனைத்தும் பித்தளையும் அன்று. ஆகவே பழமை, புதுமை என்னும் இரு சொற்களை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறோர் அளவுகோலை நாம் தேடுவது நன்று.

அந்த அளவுகோலாக மூன்று கேள்விகளைக் கொள்ளலாம். இப்பொருள் வீட்டில் யாருடைய சுமையைக் குறைக்கிறது? பழுதானால் இதைத் திறந்து சரிசெய்ய நம் ஊரில் வழியுண்டா? இதனால் மிச்சமாகும் நேரம் யாருக்குச் சேர்கிறது? பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையில் நின்று இக்கேள்விகளைக் கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. நாட்டின் பல இல்லங்களில் புழங்கும் பொருள்கள் சில பிறந்த இடம் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை.

நம் மண்ணில் பிறந்தவை

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து உருவாயிற்று. ஓசூரும் கிருஷ்ணகிரியும் 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமாகும் வரை நம் மாவட்டத்தின் பகுதிகளே. வானம் பார்த்த பூமி என்று பெயர் பெற்ற இம்மண்ணில், 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. அங்கிருந்து 1980 இல் வெளிவந்ததுதான் டி.வி.எஸ். 50 என்னும் மொபெட். இருவர் அமர்ந்து செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட் அது.

அந்த வண்டியை அழகு என்று எவரும் பாராட்டியதில்லை. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் நம் சிற்றூர் வாழ்வைக் கண் திறந்து பார்த்திருக்கிறார்கள். காலை வைக்கும் இடத்தில் ஒரு தானிய மூட்டை நிற்கும். பின்னால் பால் கேன்கள் தொங்கும். அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டியில் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டால் வெற்றிலைக் கட்டுகளை அடுக்கலாம். பழுதானால் தெருமுனை மெக்கானிக்கே பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் கரும்பும் மரவள்ளியும் மஞ்சளும் வெற்றிலையும் விளைவிக்கும் எத்தனையோ உழவர்கள், ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இவ்வண்டியைக் கைவிடாதிருப்பதன் காரணம் இதுதான். அதில் வேகம் குறைவு. ஆனால் உழைப்பாளியின் தேவைக்கு அது போதும்.

ஓசூரில் பிறந்த மற்றொரு பொருள் டைட்டன் கைக்கடிகாரம். டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984 இல் தொடங்கிய நிறுவனம் அது. அதற்கு முன்பு நம் பெற்றோரின் மணிக்கட்டில் இருந்தவை பெரும்பாலும் எச்.எம்.டி. கடிகாரங்கள். 1961 இல் ஜப்பானியக் கூட்டுறவுடன் பெங்களூரில் தொடங்கியது அந்த ஆலை. நாள்தோறும் காலையில் அதற்குச் சாவி கொடுப்பது ஒரு சிறு வழிபாடு போன்றது. டைட்டனின் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குச் சாவி வேண்டியதில்லை. பாட்டரி இருந்தால் போதும். நேரமும் மிகத் துல்லியம். மக்கள் புதியதை நாடினர், எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016 இல் மத்திய அரசு முடிவு செய்தது. இதில் வருந்துவதற்கும் உண்டு, மகிழ்வதற்கும் உண்டு. கடிகாரத்தின் வேலை சரியான நேரம் காட்டுவது. அதை எளிதாகவும் துல்லியமாகவும் செய்த பொருள் வென்றது. அந்தக் குவார்ட்ஸ் கடிகாரத்தையும் சிறு கடைக்காரர் திறக்க முடிந்தது, பாட்டரியை மாற்ற முடிந்தது என்பதை மறவாதிருப்போம்.

அடுப்பங்கரையின் விடுதலை

பழமையைப் போற்றும் ஆண்கள் பலர் அம்மியின் சுவையைப் புகழ்வார்கள். அம்மியில் அரைத்தவர்கள் அதை அவ்வளவாகப் புகழ்வதில்லை. இட்லி மாவுக்காக ஆட்டுக்கல்லின் முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து, தோளும் இடுப்பும் நோகக் குழவியைச் சுற்றிய தாய்மாருக்கு, மின்சாரக் கிரைண்டர் வெறும் வசதிப் பொருளாக இருக்கவில்லை. அது விடுதலையாகவே வந்தது. கோவையைச் சேர்ந்த பி. சபாபதி 1955 இல் இக்கருவியை உருவாக்கியவராகக் கருதப்படுகிறார். கல்லை அவர் நீக்கவில்லை. கல்லைச் சுற்றும் கையை மட்டுமே நீக்கினார். சுவையைக் காக்கும் பகுதியை வைத்துக்கொண்டு, உடலை வருத்தும் பகுதியை இயந்திரத்துக்குக் கொடுத்தார். நல்ல வடிவமைப்புக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? கோயம்புத்தூர் கிரைண்டர் 2005-06 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

மிக்ஸியின் வரலாறும் இப்பாடத்தையே கற்பிக்கிறது. பம்பாயில் சீமன்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். 1963 இல் அவர் மனைவி மாதுரி பயன்படுத்திய ஜெர்மானிய மிக்ஸியின் மோட்டார் எரிந்துபோயிற்று. அதைப் பழுதுபார்க்க இங்கு வழியில்லை. மென்மையான மேல்நாட்டு உணவுக்காகச் செய்த கருவி, ஊறிய அரிசியையும் உலர்ந்த மஞ்சளையும் தாங்குமா? நம் சமையலைத் தாங்கும் வலுவான மோட்டாருடன் மாத்தூர் தாமே ஒரு கருவியை அமைத்தார். அதுவே பின்னர் சுமீத் என்னும் பெயரில் தமிழகத்துத் திருமணச் சீர்வரிசையிலும் இடம்பெற்றது. சுமீத் என்றால் நல்ல நண்பன் என்பது பொருள். ஒரு வீட்டுத் தலைவியின் தேவையிலிருந்து பிறந்ததால் அது பல்லாயிரம் வீட்டுத் தலைவியர்க்கு நண்பனாயிற்று.

பிரஷர் குக்கரையும் எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சு நாட்டவரான டெனி பாப்பேன் 1679 இல் லண்டனில் இருந்தபோது வடிவமைத்த நீராவிப் பானையே அதன் மூதாதை. ஆபத்தைத் தடுக்கும் வால்வு என்னும் கருத்தையும் அவரே தந்தார். இந்தியாவில் ஹாக்கின்ஸ், பிரஸ்டீஜ் குக்கர்கள் 1959 ஐ ஒட்டி வரத் தொடங்கின. பின்னாளில் பிரஸ்டீஜுக்கு ஓசூரிலும் ஆலை அமைந்தது. குக்கரில் தேயும் பகுதி காஸ்கட். பழுதாகும் பகுதி வால்வு. இரண்டும் எந்தச் சிற்றூர்ப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். குடும்பத் தலைவியே மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் தாய்க்கு வந்த குக்கரில் மகளும் சமைக்கிறாள்.

2011 இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கியபோது சிலர் எள்ளி நகையாடினர். அக்கருவிகளின் தரம் பற்றி வேறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால் ஏழைத் தாயின் கைக்கும் ஓய்வு தேவை என்னும் எண்ணம் எள்ளத்தக்கதன்று. முதற்கேள்விக்கு நேரான விடை அது.

திறக்க முடியாத பெட்டி

இரண்டாம் கேள்விக்கு வருவோம். இன்று நம் பையில் உள்ள கைப்பேசியைத் திறக்க நம்மால் இயலுமா? முன்பு பின்மூடியை நகத்தால் நெம்பிப் பாட்டரியை எடுத்தோம். இப்போது பாட்டரியைப் பசையிட்டு உள்ளே ஒட்டி, கண்ணாடியால் மூடிவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் பாட்டரி சோர்கிறது. பாட்டரிக்காகக் கைப்பேசியையே மாற்றுகிறோம். செருப்பின் வார் அறுந்ததற்காகச் செருப்பை எறிவது போன்றது இது.

இது நம்மை மட்டும் வருத்தும் குறையன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்கெல்லாம் ஒரே வகையான சார்ஜர் துளை இருக்க வேண்டும் என்று விதித்தது. கையடக்கக் கருவிகளின் பாட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்ற இயல வேண்டும் என்பதும் 2027 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வருமாறு அங்குச் சட்டமாயிற்று. நம் நாட்டிலும் நுகர்வோர் நலத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தை 2022 டிசம்பர் 24 இல் தொடங்கியது. 1986 இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019 ஆம் ஆண்டுச் சட்டம் வந்துள்ளது. குறையுள்ள பொருளால் ஏமாந்தவர், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் ரசீது வேண்டும். ரசீதைப் பெற்றுப் பத்திரப்படுத்தும் வழக்கம் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு உண்டு?

தவணை முறையின் மாயத்தையும் இங்குச் சொல்லியாக வேண்டும். எடுத்துக்காட்டாக, 18,000 ரூபாய்க் கைப்பேசியை மாதம் 1,750 ரூபாய் வீதம் 12 மாதங்கள் செலுத்தி வாங்குவதாகக் கொள்வோம். மொத்தம் 21,000 ரூபாய் ஆகிறது. 3,000 ரூபாய் காத்திருக்க மனமில்லாமைக்கு நாம் கொடுத்த விலை. அதே கணக்கை மின்விசிறிக்குப் போட்டுப் பாருங்கள். பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும்; பி.எல்.டி.சி. என்னும் புதிய மோட்டார் கொண்ட விசிறி 30 வாட் அளவே கொள்ளும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட் மிச்சம். ஒரு புதுமை நம்மைக் கடனாளியாக்குகிறது. மற்றொன்று நம் கடனைக் குறைக்கிறது. புதியது என்பதற்காக வாங்குவதும் தவறு, புதியது என்பதற்காக வெறுப்பதும் தவறு என்பது இதனால் விளங்கும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், எறிந்துவிடும் பண்பாட்டைக் கண்டித்தார். ஒரு பொருளை உடனே தூக்கி எறியாமல் மீண்டும் பயன்படுத்துவதும், நல்ல நோக்கத்தோடு செய்யப்படும்போது அன்புச் செயலாகும் என்ற கருத்தை அவர் அதில் வலியுறுத்தினார். கிழிந்த சட்டையைத் தைக்கும் தாயையும், பழைய மிக்ஸிக்கு உயிரூட்டும் கடைக்காரரையும் இக்கண்ணோட்டத்தில் பார்த்தால், அவர்கள் தொழிலின் மாண்பு நமக்குப் புரியும்.

மற்றொன்றையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஓசூரை அடுத்து டாட்டா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பெரிய ஆலையில் ஐபோனின் பகுதிகள் செய்யப்படுகின்றன. அங்கு உழைப்போரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வீட்டை விட்டு விடுதிகளில் தங்கி இத்தகைய ஆலைகளில் பணிபுரியும் பெண்பிள்ளைகள் பலர். அவர்களுடைய ஊதியம் பல குடும்பங்களில் தம்பியின் படிப்பாகவும் தங்கையின் திருமணமாகவும் மாறுகிறது. ஆகவே கைப்பேசி என்பது எங்கோ அயல்நாட்டில் முளைத்த மாயப்பெட்டியன்று; அதில் நம் பிள்ளைகளின் விரல் உழைப்பும் கண் உழைப்பும் கலந்திருக்கலாம். ஈராண்டில் குப்பையாகும் பொருளுக்காகவா அக்கண்கள் சோர வேண்டும்? பத்தாண்டு உழைக்கும் பொருளைச் செய்யும் பெருமையை அக்கைகளுக்குத் தரலாகாதா?

நிதானப் பயணம்

பயணத்துக்கு வருவோம். நம் வட்டாரத்துக்கு அருகே ஒரு காலத்தில் ஒரு சிறு இரயில் ஓடியது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906 இல் தொடங்கப்பட்டு, 1913 இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்ட அப்பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலம் மட்டுமே. பஞ்ச காலங்களில் அல்லலுற்ற இப்பகுதியை முதன்மைப் பாதையோடு இணைத்த அந்தச் சிறு வண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1941 இல் நிறுத்தப்பட்டது. அதன் பின் மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே அகலப்பாதை வேண்டும் என்பது தலைமுறைகளைக் கடந்த கோரிக்கையாயிற்று. 2016-17 ஆம் ஆண்டில் அத்திட்டம் ஏற்கப்பட்டது. மெதுவாக ஓடினாலும் ஓடிய இரயில், ஓடாத இரயிலைவிட எவ்வளவு மேல் என்பதை இவ்வரலாறு கூறுகிறது.

நமக்கு அருகிலுள்ள பொம்மிடி நிலையம், 1860களின் தொடக்கத்தில் அமைந்த சென்னை-சேலம் பாதையில் உள்ளது. 2023 ஏப்ரல் 8 இல் சென்னைக்கும் கோவைக்கும் இடையே வந்தே பாரத் இரயில் தொடங்கப்பட்டது. ஆறு மணி நேரத்துக்குள் சென்றடையும் அவ்வண்டி பொம்மிடியில் நிற்பதில்லை. மின்னலெனக் கடந்து செல்கிறது. நம் பிள்ளைகள் கையசைக்கிறார்கள். அவ்வேகத்தால் சென்னையாருக்கும் கோவையாருக்கும் நன்மை உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஊராருக்குப் பயன்படுவது நிற்கின்ற வண்டியே. வேகம் என்பது நிற்காமையால் கிடைப்பது; நிற்காத இடத்தில் வாழ்பவர் அதன் விலையைக் கொடுக்கிறார்.

மேல்நாடுகளில் இப்போது நிதானப் பயணம் ஒரு நாகரிகமாகவே வளர்ந்து வருகிறது. ஸ்வீடன் நாட்டில், விமானத்தில் பறப்பதற்கு வெட்கப்படுதல் என்னும் பொருளில் ஒரு சொல்லே பிறந்தது. பிரான்சு நாடு 2023 மே மாதத்தில், இரண்டரை மணி நேரத்துக்குள் இரயிலில் சென்றுவிடக்கூடிய ஊர்களுக்கிடையே சில உள்நாட்டு விமானச் சேவைகளைத் தடை செய்தது. இங்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டரை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் ஏறும் மலை இரயிலுக்கு எத்தனை போட்டி! 1908 இல் உதகையை எட்டிய அந்த இரயிலுக்கு 2005 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னத் தகுதியும் கிடைத்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. தாமே விரும்பி மெதுவாகச் செல்வது இன்பம். வேறு வழியின்றி மெதுவாகச் செல்வது துன்பம். சித்தேரி மலையின் சிற்றூர் ஒன்றில் பேறுகால வேதனையுறும் தாய்க்கு நிதானப் பயணத்தின் சிறப்பை யார் எடுத்துரைப்பது? அவளுக்கு வேண்டியது நல்ல சாலையும், 2008 இல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஊர்தியின் வேகமும்தான். வேகம் அங்கே அன்பாகிறது. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது, கூலி வேலைக்கு நடந்து சென்ற பெண்கள் பேருந்தில் ஏறினர். அதுவும் ஒரு வேகமே, வரவேற்கத்தக்க வேகம்.

வேறொரு வேகமும் உண்டு, அது அச்சந்தருவது. தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் நிகழும் விபத்துகளைப் பற்றி நாம் படிக்காத ஆண்டில்லை. ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விடுகிறோம். மறுநாள், பதினேழு வயது மகன் கேட்டான் என்று மோட்டார் சைக்கிளின் சாவியை அவன் கையில் கொடுக்கிறோம். 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் சட்டத்தை மீறி வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். சட்டத்துக்கு அஞ்சுவதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: சாவியைக் கொடுத்த கையே பின்னர்ச் சவப்பெட்டியைத் தொட நேரக்கூடாது. அவனுக்கு மிதிவண்டி ஒன்று இருந்தால் பள்ளிக்கும் கோயிலுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் போதும். அரசு பதினோராம் வகுப்பில் தந்த மிதிவண்டி வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடப்பது எத்தனை இல்லங்களில்!

மிச்சமான நேரம் எங்கே?

இறுதியாக மூன்றாம் கேள்வி. அதுவே மிகக் கடினமானது. கிரைண்டர் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. குக்கர் அரை மணி நேரத்தை. இரு சக்கர வண்டி மேலும் அரை மணி நேரத்தை. இத்தனை நேரமும் சேர்ந்திருந்தால் நம் வீடுகளில் உரையாடலும் ஓய்வும் பெருகியிருக்க வேண்டுமே! பெருகியதா? பல வீடுகளில் அந்த நேரம் திரைக்குள் சென்றுவிட்டது. மாலையில் நால்வர் நான்கு மூலைகளில் நான்கு திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, தாய் மட்டும் மீண்டும் அடுக்களையில் நிற்கிறாள். இயந்திரம் அவளுக்காகச் சேமித்த நேரத்தை நாம் எடுத்துக்கொண்டோம்.

ஆகவே, குடும்பத் தலைவர்களே, தலைவியரே, பிள்ளைகளே! அடுத்த பொருளை வாங்குமுன் ஒரு வாரம் பொறுத்திருங்கள். ஒரு வாரத்துக்குப் பின்னும் தேவையாகத் தோன்றினால் அது தேவைதான். விலையைக் கேட்கும்போதே, உதிரிப்பாகம் கிடைக்குமா, பழுதுபார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். ரசீதை வாங்குங்கள். சரிசெய்யக்கூடியதை நம் ஊர்த் தொழிலாளியிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். உங்கள் பணமும் மிஞ்சும், அவர் அடுப்பும் எரியும். ஆண்டுக்கொரு முறையேனும் பொம்மிடியில் சாதாரண இரயிலேறிக் குடும்பத்தோடு உறவினர் ஊருக்குச் செல்லுங்கள். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, வழியிலுள்ள மலைகளின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஞாயிறு மாலைகளில் அடுக்களைப் பணியைக் கணவரும் மக்களும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

எந்த ஆலையும் நேரத்தைச் செய்து விற்பதில்லை. இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் மிச்சப்படுத்தித் தரவே கருவிகளால் முடியும். மிச்சமானதை யாருக்குக் கொடுப்பது என்னும் முடிவு இன்றும் நம் கையில்தான் இருக்கிறது.